காற்றின் மேல் ஒரு வீடு

வில்வண்டி என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். கட்டை வண்டியில் பத்து மைல் போய் இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அப்பாடா!” என்பார். வில்வண்டியில் வந்தவரோ அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு நேரே கல்யாணப் பந்தலுக்குள் நுழைவார். இரண்டு வண்டிக்கும் மாடு ஒன்றே, பாதையும் ஒன்றே. வித்தியாசமெல்லாம் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைத்து வைத்த சில இரும்புப் பட்டைகளில்தான் இருந்தது. அந்தப் பட்டைகளுக்கு ‘வில்’ என்று முதலில் பெயர் வைத்தவர் யாரோ, அவர் நல்ல ரஸிகராக இருந்திருக்கவேண்டும்.

அந்த வில்லின் பிற்காலச் சரித்திரத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம். ஆனால் கதை நடப்பது நம் ஊர் வண்டிப்பாதையில் அல்ல, அமெரிக்காவிலே. அந்த தேசத்தில் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போகிறவர்கள் தவிர, வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களும் லக்ஷக்கணக்கில் இருக்கிறார்கள். படுக்கை அறை, சமையல் அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை, தண்ணீர்த் தொட்டி, சாக்கடைத் தொட்டி எல்லாம் அடங்கிய ஒரு முழுக் குடித்தனம் ஒரே சட்டத்தின் மேல் அமர்ந்து, மணிக்கு அறுபது மைல் வேகத்தில் ஓடுகிறது! ‘மோட்டார் ஹோம்’ என்று அதற்குப் பெயர். நாம் மோட்டார் வீடு என்றே சொல்லிவிடலாம்.

புது மோட்டார் வீட்டின் விலை மலைப்பாக இருக்கும். ஆகையால் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற எத்தனையோ தம்பதிகள் முப்பது, நாற்பது, ஐம்பது வருஷத்துப் பழைய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட பழைய வண்டிகளின் அடியில் இருக்கும் வில்களையும், வில்லுக்குப் பதிலாக வந்த காற்றுப் பைகளையும் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. நம் ஊரில் சங்கீத வித்வான்களைப் பற்றி இரண்டு கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவதில்லையா? அங்கே காற்றுக் கட்சி ஒன்று, இரும்புக் கட்சி ஒன்று.

பாலைவனத்திலே ஒரு பட்டணம்

அரிஸோனா மாகாணத்தில், கலிபோர்னியாவின் எல்லைக்குச் சமீபத்தில், குவார்ட்ஸைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. கோடையில் போனால் வெயிலையும் முட்செடிகளையும் தவிர அதிகமாக ஒன்றும் காண முடியாது. ஆனால் ஜனவரி மாதத்தில் போய்ப் பார்க்கவேண்டும்! வடக்கே பனி கொட்டும் பிரதேசங்களிலிருந்து மோட்டார் வீடுகள் சாரிசாரியாக வந்து, ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுவதும் பரவி நிற்கும். கல் வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர் அது. மேஜை மேஜையாகப் பளிங்குக் கற்களையும், மரம் கல்லாகிப்போன துண்டங்களையும், வர்ணக் கூழாங்கற்களையும் கொட்டிவைத்து விற்பார்கள். இந்தக் கற்களை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் காரியமிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் அந்த ஊரில் மூன்று நாள் தங்கும்படியான சந்தர்ப்பம் நமக்கு நேர்ந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி தங்கள் மோட்டார் வீட்டில் நமக்கு இடம் கொடுத்தார்கள். கிழவர் ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அம்மாள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியையே வீடாகக் கொண்டவர்கள். ஆகவே, அந்த வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் அவர்களுக்குப் பிரயாணம் மட்டும் அல்ல, தலைக்குமேல் இருக்கும் கூரையும் போய்விடும்.

வண்டி 1976-ம் வருஷத்து ஜி.எம்.சி. மோட்டார் ஹோம். பழைய மோட்டார் வீடுகளில் இதற்குத் தனிக் கீர்த்தி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1973 முதல் 1978 வரையிலுமே இதைச் செய்தார்கள். மொத்தம் சுமார் பதின்மூவாயிரம் வண்டிகளுக்குள்தான். இருபத்து மூன்று அடி நீளத்தில் ஒன்று, இருபத்தாறு அடி நீளத்தில் ஒன்று என்று இரண்டு தினுசு. மற்றக் கம்பெனிகள் லாரிச் சட்டத்தை வாங்கி அதன்மேல் ஒரு பெட்டி வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் வண்டி முழுவதையும் புதிதாகவே யோசித்துச் செய்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ என்னும் காரிலிருந்து இயந்திரத்தையும், முன் சக்கரங்களை ஓட்டும் அமைப்பையும் எடுத்து முன்னால் வைத்துவிட்டார்கள். பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டும் இல்லை. குறுக்கு அச்சும் இல்லை. அதனால் வண்டியின் தளம் மிகவும் தாழ்ந்து, படிக்கட்டில் ஏறுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாம்.

பின்புறத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு சக்கரமும் ஒரு கையின் நுனியில் மாட்டியிருக்கிறது. முன் சக்கரத்தின் கை முன்னோக்கியும், பின் சக்கரத்தின் கை பின்னோக்கியும் நீண்டிருக்கும். இரண்டு கைகளின் நடுவே, ரப்பரும் நூல் துணியும் சேர்த்துச் செய்த ஒரு காற்றுப் பை படுத்திருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறினால் கை பையை நெருக்கும்; பள்ளத்தில் இறங்கினால் விடும். ஒரே பை இரண்டு சக்கரங்களுக்கும் பொதுவானபடியால், ஒரு சக்கரம் தூக்கப்படும்போது அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு மற்றதற்கும் போய்ச் சேருகிறது. தராசுத் தட்டுகளைப் போல இரண்டும் பாரத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. இப்படி இடப்பக்கம் ஒரு பை, வலப்பக்கம் ஒரு பை. வண்டியின் பின்பாதி முழுவதும், அதாவது படுக்கையும் குளியல் அறையும் தொட்டிகளும், அந்த இரண்டு பைகளில் அடைபட்ட காற்றின்மேல்தான் நிற்கிறது.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இரண்டு விசைகள் உண்டு. அவற்றை அமுக்கினால் பைகளுக்குள் காற்று ஏறும் அல்லது இறங்கும். மேடு பள்ளமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆசனத்திலிருந்து எழுந்திராமலே வீட்டின் பின்புறத்தை மட்டம் பார்த்துக்கொள்ளலாம். கிழவர் இதை நமக்குச் செய்து காட்டினார். மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, தண்ணீர் விளிம்புக்குச் சமமாகும்வரை விசையை அமுக்கினார். அந்தச் சமயத்தில் அவருடைய முகத்தில் தோன்றிய பெருமையைப் பார்த்தால், காற்றைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று தோன்றும்.

இரும்பும் காற்றும்

இரும்பு வில்லுக்கு ஒரே குணம்தான் உண்டு. இரண்டு பங்கு பாரம் வைத்தால் இரண்டு பங்கு அமுங்கும். ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில சாஸ்திரி 1678-ம் வருஷத்திலேயே இதைப் பிரசுரித்துவிட்டார். லண்டனில் ஒபடையா எலியட் என்பவர் 1804-ல் நீள்வட்ட வடிவமான பட்டை வில்லுக்கு உரிமைப் பத்திரம் வாங்கியது முதல், குதிரை வண்டிகள் அந்த வில்லில்தான் ஆடி அசைந்து சென்றன. மோட்டார் வண்டிகள் அதை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டன.

கணக்கு வாத்தியார் நமக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே எழுதாமலிருக்க மனம் வரவில்லை. மனிதருக்குச் சுகமாக இருக்கும் ஆட்டம் விநாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை. நிதானமாக நடந்து போகிறவனுடைய உடம்பு மேலும் கீழும் அசைவது ஏறக்குறைய அவ்வளவுதான். விநாடிக்கு ஓர் ஆட்டம் ஆடவேண்டுமானால், பாரம் ஏறியதும் வில் சுமார் பத்து அங்குலம் அமுங்கவேண்டும். விநாடிக்கு இரண்டு ஆட்டம் போதுமென்றால் இரண்டரை அங்குலம் அமுங்கினாலே போதும். லாரிக்காரன் என்ன செய்வான்? பத்து அங்குலம் அமுங்கும் வில்லை வைத்தால், பாரம் இல்லாதபோது வண்டி கொக்குப்போல உயர்ந்து நிற்கும், பாரம் ஏற்றினால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஆகவே அவன் விறைப்பான வில்லையே வைக்கிறான். காலியாகப் போகும் லாரி ஏன் அப்படித் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

காற்றின் குணம் வேறு. நாற்பது சதுர அங்குலம் பரப்புள்ள ஒரு பையில், சதுர அங்குலத்துக்கு அறுபது ராத்தல் அழுத்தத்தில் காற்று இருந்தால், அது இரண்டாயிரத்து நானூறு ராத்தல் பாரத்தைத் தாங்கும். இன்னும் நானூறு ராத்தலை ஏற்றினால், அழுத்தத்தை எழுபதாக்கினால் தீர்ந்தது. வண்டியின் உயரம் மாறாது. அதோடு, அழுத்தம் ஏற ஏறப் பையின் விறைப்பும் அதே விகிதத்தில் ஏறுவதால், பாரம் ஏறினாலும் குறைந்தாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இரும்பு வில் பிறந்தபோது எப்படியோ அப்படியேதான் ஆயுள் முழுவதும் இருக்கும். காற்று வில்லோ பாரத்துக்குத் தக்கபடி தினமும் புதிதாகப் பிறக்கிறது.

மோட்டார் வீட்டுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? லாரி ஒருநாள் பாரத்தோடு போகும், மறுநாள் காலியாகத் திரும்பும். வில்லுக்கு ஓய்வு கிடைக்கும். மோட்டார் வீடு காலியாவதே இல்லை. அலமாரியும் அடுப்பும் கட்டிலும் இராப்பகலாக, ஓடினாலும் நின்றாலும், வில்லின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. கொட்டகையில் ஆறு மாதம் சும்மா நிற்கும் வண்டியிலும் வில் உழைத்துக்கொண்டேதான் இருக்கிறது. பட்டை வில்லானால் வருஷங்கள் ஆக ஆக வளைவு குறைந்து தட்டையாகிவிடும். பட்டைகளுக்கு நடுவே துருவேறும். சில சமயம் ஒரு பட்டை ஒடிந்து, மேல்பட்டைகள் மறைப்பதால் யாருக்கும் தெரியாமலே கிடக்கும்.

காற்று வில் என்ற யோசனை நேற்றுத் தோன்றியதும் அல்ல. அமெரிக்காவில் ஹம்ப்ரீஸ் என்பவர் 1901-ம் வருஷத்திலேயே வண்டிகளுக்கான காற்று வில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1930-களில் பயர்ஸ்டோன் ரப்பர்க் கம்பெனியார் அதில் பரிசோதனைகள் செய்தார்கள். 1953 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பஸ்களுக்குக் காற்றுப் பைகள் வந்தன. மறு வருஷம் கிரேஹவுண்டுக் கம்பெனியின் ‘ஸீனிக்குரூஸர்’ என்ற பெரிய பஸ் காற்றின்மேல் தேசம் முழுவதும் ஓடிற்று. பஸ்ஸில் பலித்தது காரில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. 1957-ல் வந்த காடிலாக் எல்டொராடோ புரூம் என்னும் ராஜ வாகனம் பதின்மூவாயிரம் டாலருக்கு மேல் விலை பெற்றது. அந்தக் காலத்தில் அது ஒரு நல்ல வீட்டின் விலை. அதற்கும் காற்று வில்தான். ஆனால் இரவில் காற்று கசிந்து காலையில் தரையில் படுத்துவிடுகிறதென்று பல சொந்தக்காரர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரணச் சுருள் வில்லை மாட்டிக்கொண்டார்கள். இரும்புக் கட்சிக்காரர்கள் இன்றளவும் இந்தக் கதையை எடுத்துச் சொல்லாமல் விடுவதில்லை.

ஸ்டாண்டு முதலில், ஸோப்பு அப்புறம்

நாம் குவார்ட்ஸைட்டுக்குப் போன இரண்டாம் நாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து சுவர்ப்பக்கமாக உருண்டு போய்க் கண் விழித்தோம். முந்தின நாள் டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்த வீடு இடப்பக்கம் மூன்று அங்குலம் சாய்ந்திருந்தது. சமையல் மேடையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் உருண்டு வந்து நம் செருப்பில் தங்கியிருந்தது.

வெளியே இறங்கிப் போய்க் காதை வைத்துக் கேட்டோம். இடப்பக்கத்துப் பையிலிருந்து, பாம்பு தூரத்தில் சீறுவதுபோல, மெல்லிய ஓசை வந்தது. கிழவர் உள்ளே போய் விசையை அமுக்கினார். கம்ப்ரெஸர் முனகிற்று. வண்டியின் பின்புறம் மெள்ள மெள்ள எழும்பி, கடைசி உயரம் வரைக்கும் போய் நின்றது. “இப்போது அடியில் தாராளமாக இடம் இருக்கிறது. ஸோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்” என்று சொல்லிக்கொண்டே மணலில் ஒரு ஜமக்காளத்தை விரித்தார்.

அவர் தலையை வண்டிக்கடியில் நுழைக்கப் போகிற சமயத்தில் அம்மாள் வந்துவிட்டார். இரண்டு கைகளிலும் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள்.

“ஸ்டாண்டு முதலில், ஸோப்பு அப்புறம்” என்றார்.

“ஒரு நிமிஷ வேலைதானே?”

“ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.”

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, சட்டத்தின் கீழே கெட்டிப் பலகைகளைப் போட்டு, அவற்றின்மேல் ஸ்டாண்டுகளை நிறுத்தி, தலையைத் தூக்கும்வரை திருகினார். அடிச்சட்டத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி இருந்தது. அம்மாள் அதையும் சரிபார்த்த பிறகே “இனிமேல் போகலாம்” என்று அநுமதி கொடுத்தார்.

அவர் அடியில் படுத்து, கந்தைத் துணியை ஸோப்புத் தண்ணீரில் நனைத்துப் பையைத் துடைத்தார். பையின் மடிப்பில், நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்த இடத்தில், குமிழி குமிழியாக நுரை கிளம்பிற்று. “கண்டுபிடித்துவிட்டேன்!” என்று கூவினார். அந்த இடத்தை நன்றாகப் பார்ப்பதற்காகத் துணியால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார்.

டமார் என்று ஒரு சத்தம். துப்பாக்கி வெடித்ததோ என்று பக்கத்து வண்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். புழுதி எழும்பி ஒன்றும் தெரியவில்லை. பல ஆயிரம் ராத்தல் எடையுள்ள அந்த வீட்டின் பின்பாகம் இரண்டு விரல்கடை கீழே இறங்கி, ஸ்டாண்டுகளின்மேல் ‘ணங்’ என்று உட்கார்ந்தது. அதற்குமேல் இறங்கவில்லை.

புழுதி அடங்கியதும் ஜமக்காளத்தில் இரண்டு பாதங்கள் அசைந்தன. பிறகு கிழவர் முழங்கையால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் ஸோப்பு நுரை. ஒருவரும் பேசவில்லை. அம்மாள் அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். அப்புறம், “காப்பி ஆறுகிறது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கையிலிருந்த கோப்பை நடுங்கியதை நாம் பார்த்தோம்.

பழைய காற்றுப் பை வண்டிகளில் உள்ள பெரிய அபாயம் இதுதான். சாலையில் பை வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இறங்கி ரப்பர்த் தடைகளில் உட்காரும். மெதுவாக ஓட்டி ஓரங்கட்டிவிடலாம். உயிருக்குப் பொதுவாக மோசமில்லை. நிற்கும் வண்டியின் அடியில் ஆள் இருக்கும்போது வெடித்தால்தான் பிராணாபத்து. அதிலும், அடியில் நுழைய இடம் வேண்டுமென்று பையைக் கடைசி மட்டும் ஊதி உயர்த்துகிறார்களே, அப்போது அழுத்தமும் அதிகம், விழும் தூரமும் அதிகம். வண்டியைத் தூக்கிக் கொடுக்கும் அந்த வசதியான விசையே மனிதனை ஏமாற்றி உள்ளே அழைக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்புவதும் இதே பைத்தியக்காரத்தனம்தான். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள், சட்டத்தின் கீழே ஸ்டாண்டு இல்லாமல் ஒரு சாண்கூட உள்ளே போகமாட்டார்கள்.

வண்டி செய்தவர்களை இதில் குறை சொல்வதற்கில்லை. பழைய சொந்தக்காரர் மாட்டிய அந்தப் பைக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ரப்பர் ஓடித்தான் தேயவேண்டும் என்பதில்லை. வெயிலும், காற்றிலுள்ள ஓஸோன் வாயுவும் பட்டு, சும்மா நின்றாலே மடிப்புகளில் மயிரிழைபோல் வெடிக்க ஆரம்பிக்கிறது. பகலில் அது கண்ணுக்குப் படுவது கடினம். இரவில் கை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

ஆனால் வலப்பக்கத்துப் பைக்கும் அதே வயதுதானே? அது ஏன் வெடிக்கவில்லை? இந்தக் கேள்வியை அன்று மத்தியானம் அம்மாள்தான் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் இடப்பக்கத்துக் கட்டிலின் பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஏழெட்டு மரப்பெட்டிகள். எல்லாவற்றிலும் கற்கள்! பன்னிரண்டு வருஷமாகக் குவார்ட்ஸைட்டில் மேஜை மேஜையாக வாங்கிய பளிங்குகளையும் கல்லாகிய மரங்களையும் கிழவர் அங்கே சேர்த்து வைத்திருந்தார். குளியலறையிலிருந்த சிறிய தராசில் பெட்டி பெட்டியாக நிறுத்தோம். மொத்தம் நானூற்றுப் பத்து ராத்தல்.

“உங்கள் கணக்குப்படி இதற்குப் பத்து ராத்தல் அழுத்தம் அல்லவா?” என்று நாம் மெள்ளக் கேட்டோம்.

“பத்தே கால்” என்றார் கணக்கு வாத்தியார்.

வேறு வண்டிகள், வேறு வியாதிகள்

எல்லாப் பழைய மோட்டார் வீடுகளும் ஜி.எம்.சி.யைப்போல் பின்புறம் முழுவதும் காற்றை நம்பியிருப்பதில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வண்டி செவர்லே பி-30 என்னும் சட்டத்தின்மேல் கட்டியது. 1970-களிலிருந்து 1990-கள் வரையில் எத்தனையோ கம்பெனிகள் இந்தச் சட்டத்தை வாங்கி வீடு கட்டின. இதில் விநோதம் என்னவென்றால், முன்புறத்துச் சுருள் வில்லின் வயிற்றுக்குள்ளே ஒரு காற்றுப் பையைப் புகுத்தியிருப்பார்கள். இரும்பு பாதி தாங்கும், காற்று மீதி தாங்கும். பை உள்ளே ஒளிந்திருப்பதால், காற்று போய்விட்டதென்பது பல பேருக்குத் தெரிவதே இல்லை. முன்புறம் இரண்டு அங்குலம் தாழ்ந்து வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். அப்படியானதும் முன் சக்கரங்களின் சாய்வுக் கோணம் மாறி, நேராக ஓடும் சுபாவம் குறைந்துவிடும். எதிரே ஒரு பெரிய லாரி வந்தால் போதும், வண்டி சாலை முழுவதும் தாளம் போட ஆரம்பிக்கும். “எனக்கு வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது” என்று வண்டி ஓட்டுவதையே நிறுத்திவிட எண்ணியிருந்த ஒரு பெரியவர், பையில் காற்றடித்த மறுநாளே தமக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொன்னார்.

இந்தச் சட்டத்தில் சிலர் பைகளை அடியோடு எடுத்துவிட்டு, அதிக பாரம் தாங்கும் கனமான சுருள் வில்லாகவே மாட்டிவிடுகிறார்கள். நம்முடைய அபிப்பிராயத்தில் அது நியாயமான காரியமே. முன்புறத்துப் பாரம் பெரும்பாலும் இயந்திரத்தின் பாரம். அது நாளுக்கு நாள் மாறுவதில்லை. மாறாத பாரத்துக்கு மாறாத வில் போதும். ஆனால் ஜி.எம்.சி.யின் பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டி நிறைவதும் வடிவதுமாக இருக்கிறது, கற்களும் சேர்கின்றன! அங்கே காற்றைத் துரத்திவிட்டு இரும்பைக் கொண்டுவருவதில் நமக்கு ஸம்மதமில்லை. ஒரு பைக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு பைகள் வைக்கும் ஏற்பாட்டைச் சிலர் செய்துகொள்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும் என்பது அவர்கள் வாதம்.

நான்கு மூலையிலும் பட்டை வில் உள்ள ஃபோர்டு எஃப்-53 போன்ற வண்டிகளில், தளர்ந்த வில்லுக்கு உதவியாகக் காற்றுப் பைகளைப் பக்கத்தில் மாட்டுவது சாதாரண வழக்கம். இதில் இரண்டு தப்புகள் அடிக்கடி நடக்கின்றன. இடப்பையையும் வலப்பையையும் ஒரே குழாயில் இணைத்துவிடுவது ஒன்று. வளைவில் திரும்பும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று எழும்பும் பக்கத்துக்கு ஓடிவிடும். வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். ஒவ்வொரு பைக்கும் தனிக் குழாய்தான் வேண்டும். மற்றொன்று இன்னும் பெரிய தப்பு. பை மாட்டியதும் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்ததைப் பார்த்து, இனிமேல் எவ்வளவு பாரமும் ஏற்றலாமென்று நினைத்துவிடுகிறார்கள். அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே? கூன் நிமிர்ந்ததனால் கிழவன் மூட்டை தூக்குவானா? முதலில் லாரி நிறுக்கும் எடைமேடையில் வண்டியை ஏற்றி, எந்தச் சக்கரத்தின்மேல் எவ்வளவு பாரம் என்று தெரிந்துகொள்ளவேண்டும். பட்டை தட்டையாகியிருந்தால் வில் பட்டறையில் கொடுத்து மறுபடி வளைக்கலாம், அல்லது புதிது வாங்கலாம். பை அதற்குப் பிறகுதான்.

காற்றுக் கட்சிக்காரர்கள் மறந்துவிடும் ஒரு விஷயமும் உண்டு. பட்டை வில்லில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டம் தானாகவே கொஞ்சம் அடங்கும். காற்றுக்கு அந்த உராய்வு கிடையாது. ஆகவே ஷாக் அப்ஸார்பர்கள் சரியாக இல்லாவிட்டால், காற்றுப் பை வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு அரை மைல் தூரம் ஊஞ்சலாடிக்கொண்டே போகும்.

மூன்றாம் நாள்

புதுப் பைகள் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தன. இரண்டு பைகளையுமே மாற்றுவதென்று தீர்மானமாயிற்று. செலவு சில நூறு டாலர்கள். ஓய்வுச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அது சின்னத் தொகையல்ல. கிழவர் கற்களை விற்று அந்தப் பணத்தைக் கட்டினார். எட்டுப் பெட்டியில் ஆறு போயிற்று. கல்லாகிய மரத்துண்டங்கள் இருந்த இரண்டு பெட்டிகளை மட்டும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அம்மாளும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு பெட்டியை இடப்பக்கத்திலும் மற்றொன்றை வலப்பக்கத்திலும் தம் கையாலேயே வைத்தார்.

வேலை முடிய இருட்டிவிட்டது. ஸ்டாண்டுகளை எடுக்கும் முன் அம்மாள் தம்மிடமிருந்த ஆஸ்பத்திரி டார்ச்சு விளக்கை அடித்து ஒவ்வொரு குழாய் மூட்டிலும் ஸோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழி இல்லை. கிழவர் ஆசனத்தில் போய் உட்கார்ந்து விசையை அமுக்கினார். வீடு எழும்பிற்று. மேஜைமேல் பழைய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தோம். அன்று இரவு நாம் இரண்டு தடவை எழுந்து போய் அதைப் பார்த்தோம். இரண்டாம் தடவை போனபோது கிழவரும் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் விளிம்புக்குச் சமமாகவே இருந்தது.